கறுத்த தோலுக்கும் வெயில் வெயில்தான்

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. அவவுக்குக் கள வேலை. கிழமையில் ஐந்து நாளும் ஸ்கூட்டியில் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று அலைச்சல். இரண்டு வருடத்தில் முகமும் கையும் ஒரு நிறம், சட்டைக்குள் இருக்கிற தோள் இன்னொரு நிறம். இரண்டு கன்னத்திலும் மண்ணிறத்தில் மங்கு படர்ந்திருக்கிறது. கூட வேலை செய்கிற பிள்ளைகள் சன்ஸ்கிறீன் பூசச் சொல்கிறார்கள். அம்மாவோ, "பிறந்த நாளிலிருந்து வெயிலில்தான் நிற்கிறம், கறுத்த தோலுக்கு என்னத்துக்குக் கிறீம்" என்கிறாவாம். அம்மாவுக்கு வயல், தோட்டம். அவவின் முன்னங்கையில் யுத்த காலத்துத் தீக்காயத் தழும்பு ஒன்று இருக்கிறது, வெயிலில் அது எரிகிறது என்றும் எழுதியிருக்கிறா. யார் சொல்வது சரி என்பது கேள்வி.

வன்னியில் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். அம்மா சொல்வதில் பாதி சரி, கூட்டாளிப் பிள்ளைகள் சொல்வதிலும் பாதிதான் சரி.

அம்மாவின் பாதியை முதலில் பார்ப்போம். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறப்பொருள் உண்மையிலேயே ஒரு காப்பு. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களில் எவ்வளவு சாதாரணமோ, நம்மில் அவ்வளவுக்கு அரிது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அங்கே கேட்ட பயத்தை அப்படியே தொலைபேசியில் இறக்கி வைத்தால் நாங்கள் பதறத் தேவையில்லை. ஆனால் நம் தோலின் தொல்லையும் அதே மெலனின்தான். வெயில் பட்டாலும், பரு வந்தாலும், நுளம்பு கடித்துச் சொறிந்தாலும் நம் தோல் கொடுக்கும் பதில் ஒன்றே: அந்த இடத்தைக் கறுப்பாக்கிவிடும், பிறகு மாதக்கணக்கில் விடாது. மங்கு, திட்டுத் திட்டான கருமை, நாற்பதிலேயே கழுத்திலும் கண்ணோரத்திலும் விழும் சுருக்கம் எல்லாம் கறுத்த தோலுக்கும் வருபவை. கண்ணுக்கோ மெலனின் பெரிய காவல் இல்லை. தழும்பு விழுந்த தோலுக்கு அந்தக் காவல் சுத்தமாகவே இல்லாமல் இருக்கலாம்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நாம் வெயிலைச் சூட்டால் அளக்கிறோம். வைகாசியில் காண்டாவன வெயில் என்றால் பயம், சோளகக் காற்று வீசத் தொடங்கியதும் பயம் போய்விடும். தோலைக் கெடுப்பது சூடு அல்ல, புறஊதாக் கதிர். அது கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் உறைக்காது. காற்று நன்றாக அடிக்கிற நாளில் வியர்வை காய்ந்து உடம்பு குளிரும், கதிர் மட்டும் குறையாமல் விழுந்துகொண்டிருக்கும். மெல்லிய முகில் போட்ட நாளும் அப்படித்தான், புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை கூட முகிலைத் தாண்டி வந்துவிடும். ஸ்கூட்டியில் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்றும் இதே ஏமாற்றைத்தான் செய்கிறது.

அந்தக் கதிரில் நம்மை வந்தடைவது இரண்டு வகை. பீ வகை தோலின் மேற்பகுதியைச் சுடும், மத்தியானத்தில்தான் அதற்கு உச்சம். ஏ வகை ஆழமாக இறங்கி நிறத்தையும் சுருக்கத்தையும் கொண்டுவரும். நிலத்துக்கு வரும் புறஊதாக் கதிரில் 95 சதவீதம் அளவு இந்த ஏ வகைதான். காலையிலும் பின்னேரத்திலும் ஓரளவு இருக்கும், கண்ணாடியையும் ஊடுருவும். கிறீம் பெட்டியில் என்ன பார்த்து வாங்குவது என்று பிறகு சொல்லும்போது இது தேவைப்படும்.

வன்னி ஏறத்தாழ வடக்கு 9 பாகை அகலக்கோட்டில் கிடக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு தடவை நம் உச்சந்தலைக்கு நேரே வரும். ஒவ்வொரு சித்திரையிலும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நகர்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அது புத்தாண்டை ஒட்டிய நாட்களில், மதியம் 12 மணி 10 நிமிட அளவில் நடக்கும். இரண்டாம் தடவை ஓகஸ்ட் கடைசியில். இதை வயல் கணக்கோடு வைத்துப் பாருங்கள். இரணைமடுத் தண்ணீரை நம்பிச் சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்துவது சித்திரையில். காலபோகப் புழுதி விதைப்புக்கு உழவு தொடங்குவது இரண்டாம் உச்சம் கழிந்த கையோடு. உங்கள் அம்மா வருடத்திலேயே கடுமையான வெயிலில் வேலை செய்கிறா என்றால் அது அவவின் பிடிவாதம் இல்லை, பயிரின் நாட்காட்டி அப்படி.

அன்றைய கதிரின் கடுமையைச் சொல்லும் புறஊதாச் சுட்டெண் என்று ஒன்று கைபேசியின் காலநிலைப் பக்கத்திலேயே இருக்கும். 3 வந்தாலே காப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 8க்கு மேல் மிக அதிகம், 11க்கு மேல் உச்சம். முகில் இல்லாத மத்தியானத்தில் இங்கே 11ஐத் தாண்டுவது சாதாரணம். கைபேசி பார்க்க நேரமில்லாத ஆளுக்கு நிழல் போதும். உங்கள் நிழல் உங்களைவிடக் கட்டையாக இருந்தால் வெயில் கடுமை. சித்திரையில் காலை 9 மணி கடந்த கையோடு நிழல் கட்டையாகிவிடும், பின்னேரம் 3 மணி வரை அப்படியே இருக்கும். மார்கழியில் 10 மணிக்குத்தான் கட்டையாகும், 2 மணி தாண்டினால் நீளத் தொடங்கிவிடும். கச்சான் பிடுங்குவதும் களை எடுப்பதும் விடியப்புறம் தொடங்கி ஒன்பது மணிக்குள் பெரும்பங்கு முடிந்தால், எந்தக் கிறீமும் கொடுக்காத காப்பு அதில் கிடைக்கும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நேரம் அவர் கையில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால் என் வரிசை இது. முடிந்தால் நேரம், அடுத்தது நிழல், அடுத்தது துணி. கிறீம் கடைசி. விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன, ஏனென்றால் நிழலை யாரும் குழாயில் அடைத்து விற்க முடியாது.

நிழலிலும் தரம் உண்டு. புளி, மா, வேம்பு மாதிரி அடர்ந்த மரத்தின் கீழே, அடிமரத்தை ஒட்டி நின்றால் நல்ல காப்பு. விளிம்பில் நின்றால் திறந்த வானத்திலிருந்து சிதறி வரும் கதிர் பக்கவாட்டில் பிடிக்கும். தென்னை, பனையின் நிழல் பேருக்குத்தான் நிழல். மீள்குடியேற்றத்தில் வீடு கிடைத்த பல வளவுகளில் கல்வீடும் தகரக் கூரையும் வந்தன, மரம் வர வருடங்கள் எடுத்தன. வீதியோரத்தில் பஸ்சுக்கு நிற்கிற இடங்கள் பலவற்றில் இன்னும் ஒரு கூரை கூட இல்லை. ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பெறவேண்டியவற்றில் இதையும் சேர்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

துணிக்கு வருவோம், இதில்தான் உங்களுக்கு அதிக பலன். மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட் வெயிலுக்கு நல்லது என்று நினைக்கிறோம். சூட்டுக்கு நல்லதுதான், கதிருக்கு அது ஒரு வலை மாதிரி. அதுவும் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டினால் காப்பு இன்னும் குறையும். துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பின்னால் வைத்த விரல் எண்ணக்கூடியதாகத் தெரிந்தால் அந்தத் துணியைக் கதிர் தாண்டும். நெருக்கமாக நெய்தது, கொஞ்சம் தடித்தது, கடும் நிறமானது நல்லது. ஜீன்ஸ் துணியைப் புறஊதாக் கதிர் தாண்டவே தாண்டாது, ஆனால் வன்னி வெயிலில் அதைப் போட்டு யார் தாங்குவது? நீலமோ கடும் பச்சையோ, தளர்வான முழுக்கைச் சேட் போதும். வயலுக்குப் போகும் பெண்கள் சட்டைக்கு மேல் வீட்டு ஆம்பிளைகளின் பழைய முழுக்கைச் சேட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது எந்தத் தோல் நிபுணரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு. அம்மாவும் அப்படித்தான் போவா என்று நினைக்கிறேன். "கறுத்த தோலுக்கு என்னத்துக்கு" என்று கேட்கிறவ ஏற்கனவே காப்போடுதான் நிற்கிறா.

ஸ்கூட்டி ஓடும் பிள்ளைகள் ஜக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போடுவது உங்களுக்குத் தெரிந்ததே. நெஞ்சும் கையும் மூடப்படும், நல்லது. விடுபடுவது எது என்று சொல்கிறேன். ஹாண்டிலைப் பிடித்திருக்கும் புறங்கை, ஹெல்மெட்டுக்கும் கழுத்துப்பட்டிக்கும் நடுவே பின்கழுத்து, செருப்பு வாருக்கு இரு பக்கமும் பாதத்தின் மேற்புறம். உங்கள் பாதத்தைப் பாருங்கள், வாரின் அடையாளம் வெள்ளைக் கோடாக விழுந்திருக்கும். கையுறை, மெல்லிய காலுறை, கழுத்தைச் சுற்றி ஒரு சால்வை, அவ்வளவுதான். அரை ஹெல்மெட்டைவிட முகமறைப்பு உள்ளது நல்லது. நல்ல பொலிகாபனேற் மறைப்பு புறஊதாக் கதிரைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். சால்வை வண்டியை விட்டுப் பறக்காமல் ஜக்கெட்டுக்குள் செருகியிருக்க வேண்டும், சில்லில் சிக்கினால் தோலைப் பற்றிக் கவலைப்பட ஆளே இருக்காது.

தொப்பி என்றால் சுற்றிவர விளிம்பு உள்ள தொப்பி, விளிம்பு நாலு விரல் அகலம். கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் பார்க்கும், காதையும் கழுத்தையும் கைவிடும். தோய்ந்த துவாயைத் தலையில் கட்டுவது சூட்டுக்குச் சுகம், முகத்துக்கு நிழல் தராது. துவாயைக் கட்டி அதற்கு மேல் பனையோலைத் தொப்பி போட்டால் இரண்டும் கிடைக்கும். நடந்து போகும்போது குடை. கறுப்புத் துணிக் குடை புறஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் தடுக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தரையிலிருந்து தெறித்து வருவதை மட்டும் அதால் ஒன்றும் செய்ய முடியாது.

பஸ்சில் போகிறவருக்கு ஒரு சின்னக் கணக்கு. பக்கக் கண்ணாடி பீ வகையை நிறுத்தும், ஏ வகையை விட்டுவிடும். வவுனியாவிலிருந்து காலையில் வடக்கே போனால் வலப்பக்கம் வெயில், பின்னேரம் போனால் இடப்பக்கம். தினமும் ஒரே பக்கத்தில் இருந்து போகும் ஆளுக்கு ஒரு கன்னம் மட்டும் கூடுதலாகக் கறுப்பதும் உண்டு. அதிகம் யோசிக்க வேண்டாம், மற்றப் பக்கத்தில் இருங்கள்.

இனிக் கிறீம். பெட்டியில் எஸ்பிஎஃப் என்று இருக்கும் எண் பீ வகைக்கானது. 30 என்றால் அந்தக் கதிரில் ஏறத்தாழ 97 சதவீதம் நிறுத்தும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக விலை இரட்டிப்பாக இருந்தால் 30ஐ எடுத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். பார்க்க வேண்டியது இன்னொன்று. ஏ வகைக்கும் காப்பு உண்டா என்று "பிறோட் ஸ்பெக்ட்ரம்" என்ற சொல், அல்லது பீஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று நாலு பிளஸ் குறி. மங்கு உள்ளவருக்கு இதுதான் முக்கியம். காலாவதித் திகதியையும் பாருங்கள். கடை வாசலில் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் மாதக்கணக்கில் வெந்த குழாயை வாங்க வேண்டாம். ஸ்கூட்டி சீட்டுக்கு அடியிலும் வைக்க வேண்டாம்.

பெட்டியில் போட்ட எண் கிடைக்க வேண்டுமானால் அந்த அளவுக்குப் பூச வேண்டும். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை கோடு இழுத்தால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கான அளவு. நம்மவர் பூசுவது பட்டாணி அளவு. அதில் எஸ்பிஎஃப் 50உம் ஒற்றை எண்ணுக்கு இறங்கிவிடலாம். வெளியே போக இருபது நிமிடத்துக்கு முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூச வேண்டும், வியர்த்துத் துடைத்தால் அதற்கு முன்பே. இந்தக் கணக்கில் 50 மில்லிலீற்றர் குழாய் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும், நாளுக்கு இரண்டு தடவை என்றால், மூன்று நாலு கிழமைதான் ஓடும். 2022க்குப் பிறகு விலை ஏறிய ஏற்றத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் இது கட்டுப்படியாகாது. கட்டாவிட்டால் மனம் நோக வேண்டாம். கையையும் காலையும் துணிக்கு விட்டுவிட்டு, முகத்தில் கன்னம், மூக்கு, நெற்றி, மேலுதடு, காதுமடல் ஆகியவற்றுக்கு மட்டும் கிறீமைச் சரியான தடிப்பில் பூசுங்கள். எல்லா இடமும் மெல்லியதாகப் பூசுவதைவிட அது மேல். தேங்காயெண்ணெய் போதாதா என்று பாமசியில் கேட்பார்கள். போதாது. அது தோலை மென்மையாக வைக்கும், வெயிலைத் தடுக்காது. கற்றாழையும் சந்தனமும் அதே கதைதான்.

உங்கள் மங்குக்குத் தனியாக ஒரு சொல். வெயில் அதற்குப் பாதிக் காரணம், மீதியில் ஹோர்மோனும் பரம்பரையும் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் வரும், குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை எடுக்கும்போதும் சிலருக்கு வரும். குளிசை எடுக்கிறீர்கள் என்றால் கிளினிக்கில் மிஸ்ஸிடம் மங்கைக் காட்டி வேறு முறைக்கு மாறலாமா என்று கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் நம் நிறத்துத் தோலில் மங்கைக் கூட்டும் என்பதால், தோல் நிறத்தில் சாயம் சேர்த்த சன்ஸ்கிறீன் வெள்ளைக் கிறீமைவிட இதற்கு நல்லது. அதிலுள்ள இரும்பு ஒட்சைட்டு அந்த வெளிச்சத்தைத் தடுக்கிறது. மேல்பூச்சாக வெள்ளையாகத் தெரியாது என்பது மேலதிக இலாபம். சூடும் மங்கைத் தூண்டும் என்றே தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். விறகடுப்புக்கு முன் முகத்தைக் கொடுத்து ஊதிக்கொண்டிருக்கும் நேரத்தைக் குறைக்க முடிந்தால் குறையுங்கள். மூன்று மாதத்துக்குக் குறையாமல் பொறுமை வேண்டும்.

பொறுமை இல்லாத இடத்தில்தான் வெள்ளையாக்கும் கிறீம் நுழைகிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஒரு கிழமையில் முகம் பளிச்சென்று ஆகிறது என்றால் அதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். ஒன்று ஸ்டெரொயிட். முதலில் வெளுக்கும், பிறகு தோல் காகிதமாக மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு வெடித்து, வெயிலில் கால் வைத்தாலே எரியும். நிறுத்தினால் இன்னும் மோசமாகக் கிளம்பும். மற்றது பாதரசம், அது சிறுநீரகத்தைப் பிடிக்கும். முகப்பூச்சில் பாதரசம் சேர்ப்பதை, பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கை தடுத்திருக்கிறது, ஆனால் பெயர் விபரம் இல்லாத டப்பாக்களும், வீட்டில் கலந்து முகநூலில் விற்கும் கிறீம்களும் எந்த உடன்படிக்கையையும் வாசிப்பதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் முகத்தில் போட வேண்டாம். ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.

தேசிக்காயும் இந்த வரிசையில்தான் வரும். தேசிக்காய்ப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால், புளியிலுள்ள ஒரு பொருளும் ஏ வகைக் கதிரும் சேர்ந்து தோலைச் சுடும். அன்றைக்கே தெரியாது, ஓரிரு நாளில் சிவந்து சிலருக்குக் கொப்பளிக்கும், பிறகு ஓடிய ஓடிய இடமெல்லாம் கறுப்புக் கோடாக மாதக்கணக்கில் நிற்கும். சர்பத் பிழிந்துவிட்டு கையைக் கழுவாமல் வெயிலுக்குப் போனாலும் இது நடக்கும். நிறம் கொடுக்கும் என்று முகத்தில் தேய்த்த பிள்ளைக்குக் கிடைப்பது அதற்கு நேர் எதிர்.

வயல் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று டொக்சிசைக்கிளின். எலிக்காய்ச்சல் பரவும் காலத்தில் சுகாதாரப் பகுதியினர் விவசாயிகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை எடுக்கச் சொல்லிக் கொடுக்கும் அதே குளிசை. அது வெயிலுக்குத் தோலை இளக்கிவிடும். வாய்க்கால் கட்டில் நின்று புல் வெட்டிய ஒருவர் ஒருமுறை கவுண்டருக்கு வந்தார். புறங்கை இரண்டும் சுட்டது போலச் சிவப்பு, மோதிரம் கிடந்த விரலில் மட்டும் ஒரு வளையம் பழைய நிறத்தில். "மருந்து ஒத்துக்கொள்ளேல்ல, விட்டிடுறன்" என்றார். விடக்கூடாது. எலிக்காய்ச்சல் ஆளைக் கொல்லும், இது கையைச் சிவக்க வைக்கும். அவர் செய்ய வேண்டியிருந்தது குளிசை எடுக்கும் காலத்தில் முழுக்கைச் சேட்டும் கையுறையும் போட்டு, கொப்பளித்தால் வைத்தியரிடம் காட்டுவது. பிறஷருக்குக் கொடுக்கும் சில சிறுநீர்க் குளிசைகளுக்கும், பருவுக்கு இரவில் பூசும் ரெட்டினொயிட் கிறீம்களுக்கும் இதே குணம் உண்டு. மருந்து எடுக்கும்போது "இதுக்கு வெயில் ஆகுமோ" என்று கேட்டால் எந்த மருந்தாளரும் சொல்லுவார்.

எல்லாவற்றையும் வெயிலில் போட்டுவிடுவதும் பிழை. கழுத்தின் பின்னாலும் கக்கத்திலும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது வெயிலும் இல்லை, ஊத்தையும் இல்லை. பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், இரத்தத்தில் சீனியைச் சோதித்துப் பாருங்கள். நெஞ்சிலும் முதுகிலும் பொடிப் பொடியாக வெளுப்பது தேமல், பூஞ்சை, பூச்சு மருந்துக்குப் போய்விடும். வெளுத்த திட்டில் தொட்டால் உணர்வு குறைவு என்றால் அது வேறு. தொழுநோயாக இருக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, அரச வைத்தியசாலையில் இலவச மருந்து, முழுதாகக் குணமாகும், பிந்தினால்தான் நரம்பு கெடும்.

கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. முல்லைத்தீவு, அளம்பில், நாயாறு, கொக்கிளாய்க் கரையில் வலை இழுக்கிறவர்களின் கண் மூலையில் முக்கோணமாகச் சதை வளர்ந்து கருவிழியை நோக்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். வெயிலும் காற்றும் மணலும் சேர்ந்த வேலை அது. காய்ந்த கடற்கரை மணல் புறஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவு திருப்பி அடிக்கும், அலை நுரை 25 சதவீதம் வரை. ஆனையிறவு உப்பளத்தில் நிற்பவருக்கும் வெளிச்சம் கீழிருந்தும் வருகிறது, அங்கே தொப்பி மட்டும் காணாது. கறுப்புக் கண்ணாடி வாங்கும்போது "யூவி 400" என்று இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரிய வைத்து, கதிரை இன்னும் தாராளமாக உள்ளே விடும். கண்புரைக்கும் இந்தக் கதிர் ஒரு காரணம்.

கைக்குழந்தையை ஆறு மாதம் வரை வெயிலுக்கு விடாமல், கிறீமும் பூசாமல், நிழலிலும் துணியிலும் வைத்திருங்கள். பிறந்த குழந்தை மஞ்சளாகத் தெரிந்தால் காலை வெயிலில் பிடித்தால் சரி என்று வீட்டில் சொல்வார்கள். அதை நம்பிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இல்ல விளையாட்டுப் போட்டிப் பயிற்சியை மத்தியானத்தில் வைக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பிறவியிலேயே நிறப்பொருள் இல்லாத பிள்ளை ஒன்று வகுப்பில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு மேலே சொன்ன எல்லாம் கட்டாயம். முழுக்கை, தொப்பி, கண்ணாடி, கிறீம், நிழல் பக்கத்து வாங்கு. அவர்களுக்குத்தான் தோல் புற்றுநோய் உண்மையான பயம். சீருடை ஒழுங்கு என்று சொல்லித் தொப்பியைக் கழற்றச் சொல்லும் ஆசிரியர் இதை அறிய வேண்டும்.

இவ்வளவு மூடினால் விற்றமின் டீ எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். வெளியில் வேலை செய்கிறவருக்கு, மூடிக்கொண்டாலும் வேலைக்கு நடுவே படுகிற வெயில் பெரும்பாலும் போதும். வீட்டுக்குள்ளும் கந்தோருக்குள்ளும் நாள் முழுக்க இருப்பவர்தான் குறைவுபடுவார். அவர் ஒரு பத்து இருபது நிமிடம் கையையும் காலையும் வெயிலில் காட்டலாம். முகத்தைக் காட்டத் தேவையில்லை.

ஒரு நாள் அளவுக்கு மிஞ்சி வெந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணி, நிறையத் தண்ணீர், நோவுக்குப் பனடோல். பற்பசை பூசாதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். தலை சுற்றிச் சத்தி வந்து ஆள் தடுமாறிப் பேசினால் அது தோல் விஷயம் இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

கடைசியாக அம்மாவின் கை. தீக்காயத் தழும்பில் நிறப்பொருள் ஒழுங்காக இருக்காது, வியர்வைச் சுரப்பியும் கெட்டிருக்கும். அதனால்தான் வெயிலில் எரிகிறது. "கறுத்த தோல்" என்ற வாதம் அந்த ஒரு சாண் இடத்துக்குப் பொருந்தாது. தடித்த பருத்தித் துணியில் முழங்கை தாண்டும் கையுறை ஒன்று தையல்காரரிடம் தைத்தால், வயலுக்கு அதுவே போதும். இரவில் வசிலினோ தேங்காயெண்ணெயோ தடவி மெல்ல உருவிவிடுங்கள், இறுக்கம் தளரும். இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நம் நிறத்தவரில் வரும் தோல் புற்றுநோயில் ஒரு வகை வெயிலைவிடப் பழைய தீக்காயத் தழும்பிலும், வருடக்கணக்கில் ஆறாத புண்ணிலும்தான் அதிகம் தொடங்குகிறது, காயம் பட்டுப் பல பத்து வருடங்கள் கழித்தும். வன்னியில் அப்படியான தழும்போடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயப்பட அல்ல, மாதத்துக்கு ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் தடவிப் பார்க்கத்தான் சொல்கிறேன். தழும்புக்குள் புதிதாக ஒரு புண் வந்து நாலு கிழமையில் ஆறாவிட்டால், ஓரம் தடித்துக் கிளம்பினால், தொட்டதும் இரத்தம் கசிந்தால், ஓபிடியில் காட்டும்போது "இது பழைய தீக்காயத்தில் வந்த ஆறாத புண்" என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். சாதாரணப் புண் என்று மருந்து கட்டி அனுப்பாமல், தோல் கிளினிக்குக்கோ சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கோ கடிதம் தருவார்கள். அங்கே சின்னத் துண்டு ஒன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள், விறைக்க ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள் என்று அம்மாவுக்கு முதலே சொல்லி வையுங்கள்.